சக்கர நாற்காலியில் அமர்ந்து கைகளைச் சீர்செய்த டாக்டர் மேரி வர்கீஸ்

செராஸ், பண்டார் துன் ரசாக்கில் ஜாலான் யாக்கோப் லத்திப் என்றொரு சாலை இருக்கிறது. எச்.யு.கே.எம். என்று நாம் இன்னும் பழக்கத்தில் அழைக்கும் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை அந்தச் சாலையில்தான் உள்ளது. அதே சாலையில் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும் இருக்கிறது. முதல் மருத்துவமனையை எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதை, அங்கே போக வேண்டிய நிலை வந்த குடும்பங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எங்கள் தாமானில் வசித்த ஓர் அண்ணன் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கினார். முதுகெலும்பில் அடி. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தகவல் வந்ததும் அக்கம்பக்கத்தார் அனைவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். அவர் மறுபடியும் நடப்பாரா? நானும் அதையே கேட்டேன். எனக்கு அப்போது எஸ்.பி.எம். எழுதும் வயது. அறுவை சிகிச்சை வெற்றி என்றால் நோயாளி எழுந்து நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அது தோல்வி. என் கணக்கு அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு எவ்வளவு தவறானது என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு மருத்துவரின் வாழ்க்கை. அவர் இரண்டு கால்களும் செயலிழந்த பிறகு அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார். இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளம் அமைத்தார். அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

கொச்சியிலிருந்து வேலூருக்கு

மேரி 1925ஆம் ஆண்டு கேரளத்தின் கொச்சிப் பகுதியில் பிறந்தார். மருத்துவம் படிக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் தமிழ்நாட்டின் வேலூர்.

அந்தக் கல்லூரிக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் தொடங்கிய சிகிச்சையகமே பின்னாளில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே உருவானது. பெண்கள் படிக்கச் செல்வதே அரிதாக இருந்த காலத்தில் பெண்களை மருத்துவர்களாக்கிய இடம் அது.

மேரி படித்த 1940களின் பிற்பகுதியில் வேலூர் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. கனடாவில் பெயர்பெற்ற மூளை அறுவை சிகிச்சை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை அங்கே தொடங்கினார். எலும்பு மற்றும் கை அறுவை சிகிச்சையில் டாக்டர் பால் பிராண்ட் புதிய முயற்சிகளில் இறங்கியிருந்தார். பிராண்ட் ஆங்கிலேயர்தான். ஆனால், பிறந்தது தமிழ்நாட்டின் கொல்லிமலையில்.

மேரி படிப்பை முடித்து அதே மருத்துவமனையில் இளம் மருத்துவராகப் பணியில் சேர்ந்தார்.

1954 ஜனவரி 30

அன்று மேரியும் இளம் மருத்துவர்கள் சிலரும் ஒரு வாகனத்தில் சுற்றுலா கிளம்பினார்கள். வழியில் முன்னால் சென்ற பேருந்தை முந்தும் முயற்சியில் வாகனம் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது.

மேரியின் முகம் கிழிந்திருந்தது. அந்தத் தழும்பு கடைசிவரை அவர் கன்னத்தில் இருந்தது. ஆனால், உண்மையான சேதம் முதுகில்தான். முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அப்போது அவருக்கு 28 வயது. நேற்றுவரை நோயாளிகளின் கட்டிலருகே நின்றவர் இப்போது அதே மருத்துவமனையில் ஒரு கட்டிலில் கிடந்தார்.

தண்டுவடம் என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் தடிமனான நரம்புக் கற்றை. கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோம், சில வாரங்களில் எலும்பு கூடிவிடுகிறது. தண்டுவடம் அப்படியல்ல. அதில் அறுந்த நரம்பிழைகள் மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. இன்றைய மருத்துவத்தாலும் அதை ஒட்டவைக்க முடியவில்லை.

அப்படியானால் முதுகெலும்பு அறுவை சிகிச்சை எதற்கு? உடைந்த எலும்பு நரம்பை மேலும் நசுக்காமல் பார்த்துக்கொள்ளவும், ஆடும் முதுகெலும்பை உறுதியாக்கி நோயாளியை உட்கார வைக்கவும்தான். மேரிக்கும் அறுவை சிகிச்சைகள் நடந்தன. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். முடிவில் அவரால் நிமிர்ந்து உட்கார முடிந்தது. கால்கள் திரும்பவில்லை.

நான் பழைய கணக்கைப் போட்டிருந்தால் இதைத் தோல்வி என்றுதான் எழுதியிருப்பேன்.

கத்திக்குப் பிறகு வரும் ஆபத்து

முதல் உலகப் போரில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. பலரைக் கொன்றது குண்டுக் காயமோ அறுவை சிகிச்சையோ அல்ல. அதற்குப் பிறகு வந்த சிக்கல்கள்தான்.

முதலாவது, படுக்கைப் புண். வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலேயே பலமுறை அசைகிறோம். ஓரிடத்தில் அழுத்தம் கூடியதும் அங்கே வலிக்கத் தொடங்குகிறது, உடல் தானாக இடம் மாறிக்கொள்கிறது. உணர்ச்சி இல்லாதவருக்கு இந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே மாட்டிய தோலுக்கு இரத்தம் போகாமல், சில மணி நேரத்திலேயே திசு சாகத் தொடங்கும். சிறிய சிவப்புத் தடமாக ஆரம்பித்து எலும்புவரை குழிவிழும் புண்ணாக அது மாறலாம். கிருமிகள் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, சிறுநீர்ப்பை. அது நிரம்பியதை மூளைக்குச் சொல்ல வழியில்லை. தேங்கும் சிறுநீரில் கிருமிகள் பெருகி மேலே ஏறிச் சிறுநீரகங்களைக் கெடுக்கின்றன. மூன்றாவது, அசைக்கப்படாத மூட்டுகள் மடங்கியபடியே இறுகிப்போகின்றன. அதன்பிறகு அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைப்பதுகூடச் சிரமம்.

இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் லுட்விக் குட்மன் இந்த நிலையை மாற்றினார். அவரும் மூளை, நரம்பு நிபுணர்தான். ஆனால், அவருடைய முக்கிய ஆயுதம் கத்தி அல்ல. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி. சாகத்தான் போகிறார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்தார்கள். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அவர் சக்கர நாற்காலி வீரர்களுக்கு ஒரு போட்டி நடத்தினார். அதுதான் இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம்.

மேரி படுக்கையில் விழுந்த 1954இல், இத்தகைய நோயாளிகளுக்கென்று உள்நோயாளிப் பிரிவோடு கூடிய மறுவாழ்வுத் துறை இந்தியாவில் எங்குமே இல்லை. அறுவை சிகிச்சை முடிந்த பிறகு வாழக் கற்றுக்கொடுக்க ஓர் இடம் இல்லை.

உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை

மேரிக்கு ஒரு புதிய பாதையைக் காட்டியவர் பால் பிராண்ட். அப்போது அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சைகளைச் செய்துவந்தார்.

தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்கும். முழங்கை அருகே செல்லும் நரம்பு கெட்டால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் பறவையின் நகம்போல் வளைந்துவிடும். அந்தக் கையால் ஒரு கரண்டியைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாது. ஆனால், முன்கையில் உள்ள பெரிய தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்த நல்ல தசைகளில் ஒன்றின் தசைநாணை எடுத்து, விரல்களோடு புதிதாக இணைத்தால் விரல்கள் மீண்டும் நிமிரும். பிராண்ட் 1948இல் இதை வேலூரில் தொடங்கினார்.

நுணுக்கமான வேலை இது. தசைநாணை அதிகமாக இழுத்துத் தைத்தால் விரல் விறைத்துவிடும். தளர்வாகத் தைத்தால் பழையபடி வளைந்துவிடும். ஆனால், இதில் ஒரு வசதி இருந்தது. கையை மேசைமேல் வைத்து, மருத்துவர் உட்கார்ந்தபடியே இதைச் செய்யலாம்.

கால்கள் வேண்டாத அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது என்றால், மேரி ஏன் அதைக் கற்றுக்கொள்ளக் கூடாது?

மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் அறுவைக்கூடத்துக்குள் வந்து, வளைந்துபோன விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். தொழுநோயாளி என்றால் ஊரே விலகிப்போன காலம் அது. முகத்தில் தழும்போடு, சக்கர நாற்காலியில் வந்து தங்கள் கையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரைக் கண்டபோது அந்த நோயாளிகளுக்கு நம்பிக்கை வந்தது. வார்த்தையால் கொடுக்கக்கூடிய ஆறுதல் அல்ல அது.

விரல் நிமிர்ந்தால் மட்டும் போதுமா?

இந்த இடத்தில் வேலூர் கற்றுக்கொண்ட இரண்டு பாடங்களைச் சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து நல்ல கைகளோடு வீடு திரும்பிய சிலர் மீண்டும் வந்தார்கள். விரல்களில் புதிய காயங்கள். சிலருக்கு விரலின் ஒரு பகுதியே காணவில்லை. நோய் மறுபடியும் தின்றுவிட்டதா? பிராண்டின் குழு துப்பறிவாளர்களைப்போல் தேடியது. சூடான பாத்திரத்தைப் பிடித்ததில் ஒரு காயம், கருவியை அழுத்திப் பிடித்ததில் ஒரு காயம் என்று காரணங்கள் தெரியவந்தன. இரவில் தூங்கும்போது எலி கடித்ததும் உண்டு. வலி தெரியாததால் அவர்கள் விழிக்கவே இல்லை. அதற்குப் பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுக்கு மருந்தோடு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். கை அறுவை சிகிச்சையின் பலனைக் காப்பாற்றிய ‘கருவி’களில் பூனையும் ஒன்று!

இரண்டாவது பாடம் இன்னும் கசப்பானது. கை சீரான பிறகு ஒரு நோயாளி வருத்தத்தோடு திரும்பி வந்தார். வளைந்த கையைப் பார்த்து இரக்கப்பட்டுப் பிச்சை போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. தழும்புகளைப் பார்த்து வேலை தருவாரும் இல்லை. அறுவை சிகிச்சை என்ற அளவில் அது முழு வெற்றி. ஆனால், அவருடைய வாழ்க்கையில் அது பட்டினி. வேலூரில் 1951இல் உருவான நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பில் இத்தகையவர்களுக்குத் தச்சு போன்ற தொழில்கள் கற்றுக்கொடுக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள சுங்கை பூலோவிலும், 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளிகள் குடியிருப்பு இருந்தது. நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயர். அங்கே வாழ்ந்தவர்களில் தமிழர்களும் உண்டு. மருந்தால் நோய் குணமான பிறகும் கெட்டுப்போன நரம்பு திரும்பாது. எனவே, இந்தக் கதை நமக்குத் தொலைவில் நடந்ததல்ல.

மேரியிடம் வருவோம். அவர் சிகிச்சை அளித்தவர்களுக்குக் கையில் உணர்ச்சி இல்லை. அவருக்கோ இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நோய் வேறு, ஆபத்து ஒன்றே. வலி என்ற காவல்காரன் இல்லாத உடலைக் கண்ணாலும் பழக்கத்தாலும் காக்க வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது கைகளை ஊன்றி உடலை அடிக்கடி தூக்க வேண்டும். தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாடம் இது. நோயாளிகளுக்கு மேரி சொன்ன அறிவுரை அவர் தினமும் வாழ்ந்த வாழ்க்கையாகவும் இருந்தது.

மீண்டும் மாணவி

கை அறுவை சிகிச்சை நிபுணராகத் தொடர்ந்திருந்தாலே மேரியின் பெயர் நிலைத்திருக்கும். அவர் அதோடு நிற்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மையத்தில் அவர் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். தன்னைப்போன்றவர்கள் பிறர் உதவியின்றி உடுத்திக்கொள்வதையும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுவதையும் வேலைக்குப் போவதையும் நேரில் பார்த்தார். பிறகு அமெரிக்கா சென்றார். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த விமானப் படையினருக்காக உழைத்த டாக்டர் ஹோவர்ட் ரஸ்க், நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்துக்கென்றே ஒரு கழகத்தை நிறுவியிருந்தார். மேரி அங்கே அந்தத் துறையை முறையாகப் படித்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சரிவுப் பாதைகளும் மின்தூக்கிகளும் எல்லா இடத்திலும் இல்லாத 1960களின் தொடக்கம். நடக்க முடியாத இந்தியப் பெண் ஒருவர் கடல் கடந்து போய் மீண்டும் மாணவியாகிறார். கோலாலம்பூரிலேயே வேறு வளாகத்துக்கு மாற வேண்டும் என்றால் முணுமுணுக்கும் எனக்கு, இதைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

வேலூரில் ஒரு புதிய துறை

1963இல் மேரி வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் பொறுப்பை ஏற்றார். நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் வசதியோடு இந்தியாவில் அமைந்த முதல் துறை அது. அவருடைய வாழ்க்கையை அமெரிக்க எழுத்தாளர் டோரத்தி கிளார்க் வில்சன் ஒரு நூலாக எழுதி வெளியிட்டதும் அதே ஆண்டுதான். 1966இல், மருத்துவக் கல்லூரியோடு இணைந்த தனி மறுவாழ்வு நிலையம் வேலூரில் திறக்கப்பட்டது. இன்று அது மேரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த நிலையத்தின் வேலை, அறுவை சிகிச்சை முடிந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், சாலை விபத்தில் அடிபட்டவர் என்று தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் பல விதம். எலும்பைச் சீராக்கிய பிறகு அவர்களுக்கு மற்றவை கற்றுத்தரப்பட வேண்டும். தோலைப் பார்த்துக்கொள்வது, சிறுநீர்ப்பையை நேரத்துக்குக் காலி செய்வது, தோள்களை வலுவாக்குவது, நாற்காலியை ஓட்டுவது, உட்கார்ந்தே செய்யக்கூடிய ஒரு தொழில். இந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டாலும், சிறப்பாக நடந்த அறுவை சிகிச்சைகூட சில மாதங்களில் வீணாகிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. நோயாளி திரும்பிப்போகும் வீட்டில் வாசற்படி இருக்கும். கழிவறை தொலைவில் இருக்கும். சமையல் தரையில் நடக்கும். நியூயார்க்கில் கற்றதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அந்த வீட்டில், அந்தக் குடும்பத்தோடு அவர் எப்படி வாழப்போகிறார் என்று யோசித்துத்தான் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும். பழைய நோயாளிகள் கூடிப் பரிசோதனை செய்துகொண்டு, விளையாடி மகிழும் மேளா ஒன்று வேலூரில் நடந்துவருகிறது. வீட்டுக்கு அனுப்பிய நாளோடு மருத்துவரின் பொறுப்பு முடிவதில்லை என்பதற்கு அது ஒரு நல்ல சான்று.

இந்திய அரசு 1972இல் மேரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986 டிசம்பரில், 61ஆம் வயதில் அவர் வேலூரில் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும் தண்டுவடம் பாதிக்கப்பட்ட எத்தனையோ பேரைச் சில ஆண்டுகளிலேயே கொண்டுபோன காலத்தில் அது சாதாரண விஷயமல்ல. அவர் பெயரில் வேலூரில் இயங்கும் அறக்கட்டளை ஒன்று மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கிறது.

கேள்வியை மாற்றுவோம்

மாணவ நண்பர்களே, மேரி வர்கீஸை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்துவிடலாம். அது உண்மைதான். ஆனால், அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்வது அது மட்டுமல்ல.

அவருக்கு நடந்த அறுவை சிகிச்சைகள் வெற்றியா, தோல்வியா? கால்களை வைத்துப் பார்த்தால் தோல்வி. அவர் நிமிர்த்திய விரல்களையும், அவர் துறையிலிருந்து வீடு திரும்பி வாழ்ந்தவர்களையும் வைத்துப் பார்த்தால் வெற்றி. வேறுபாடு அறுவைக்கூடத்துக்குள் நடந்ததில் இல்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் இருக்கிறது. மேரிக்கு அருகில் பிராண்ட் இருந்தார், கவனித்துக்கொள்ள மருத்துவமனை இருந்தது, செய்ய ஒரு வேலையும் கிடைத்தது. அந்த வாய்ப்பு மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் அவர் ஒரு துறையையே உருவாக்கினார்.

இன்று மருத்துவம் படிக்க வேண்டும் என்றால் நம்மில் பலர் அறுவை சிகிச்சை நிபுணராவதைப் பற்றித்தான் கனவு காண்கிறோம். அது நல்ல கனவுதான். ஆனால், இரவு இரண்டு மணிக்கு நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் தாதி, விரலை மீண்டும் அசைக்கக் கற்றுக்கொடுக்கும் பிசியோதெரபி நிபுணர், குளியலறையில் எங்கே கைப்பிடி வேண்டும் என்று வீட்டுக்கே வந்து பார்க்கும் தொழில்வழி சிகிச்சையாளர் ஆகியோர் இல்லாமல் அந்த அறுவை சிகிச்சைக்குப் பலன் இல்லை. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்துப் படிப்பைத் தேடும் தம்பி தங்கைகள் இந்தத் துறைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் தாமான் அண்ணனை அண்மையில் பார்த்தேன். சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். மறுபடி நடப்பீர்களா என்று இந்த முறை நான் கேட்கவில்லை. இப்போது என்ன செய்கிறீர்கள் அண்ணா என்று கேட்டேன். அதற்கு அவரிடம் சொல்ல நிறைய இருந்தது.